பதினாலு கட்டும் பதினைந்தும்

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள்.
முக்கூடல் பஸ் நிலையத்தில்
லோக்பகதூர் வழக்கம்போல்
நூடுல்ஸுக்குக் கோஸ் அரிந்துகொண்டிருந்தான்.
வளவு முழுக்க அவன் பெண்டாட்டி பேச்சுதான்.

பச்சைத்தண்ணி பல்லில் படாமல்
கல்யாணச் சிவப்பில் நின்றாள் தில்குமாரி,
கழுத்தில் பச்சைப் பாசிமணி,
நெற்றி வகிட்டில் கைநிறையக் குங்குமம்.

முந்தின ராத்திரி பதினோரு மணிக்குக்
கதவைத் தட்டி
பால்சோறும் ஆட்டுக்கறியும் கொடுத்தாள்.
விடிந்தால் பட்டினியாம்.
பட்டினிக்கு இப்படியொரு முன்பணமா என்று
எலும்பைக்கூட விடவில்லை நான்.

மத்தியானம் அடிபம்புக்குப் பக்கத்தில் ஆடினாள்.
செல்போனுக்குள் அவள் ஊர்;
நூறு பெண்கள், மழைச்சேறு, எல்லாம் சிவப்பு.
இங்கே இவள் ஒருத்தி,
பீடி முறத்தோடு நாங்கள் ஏழு பேர்.
"என்னளா பாட்டு, சாமி பாட்டா?"
"இல்லக்கா. மாமியார் பாட்டு.
அது சோறு போடல, புருசன் கேக்கல,
அப்பா ஏன் இவ்ளோ தூரத்துல குடுத்தே, அந்தப் பாட்டு."
புருசன் ஆயுசுக்குப் பட்டினி,
பாட்டு பூராவும் அவன் வீட்டுக்கு வசவு.
ஏழு முறமும் குலுங்கியது.
என் மாமியார் மட்டும்
கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள்.

"நீயும் இருக்கலாம்க்கா, அண்ணனுக்கு."
பம்பாய்க்குப் போய் ஆறு வருசம்.
அவன் ஆயுசு பற்றி
எனக்கு ஒரு தகவலும் இல்லை என்றேன்.
அவளுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை.
நல்லதுதான்.

மறுநாள் சாயங்காலம் வந்து
நாயுருவிக் குச்சி கேட்டாள்,
முந்நூற்று அறுபத்தைந்து.
வாய்க்கால் கரையில் ஒடித்தோம்.
பல் துலக்கி ஆற்றில் முங்கவேண்டுமாம்,
நாளுக்கு ஒன்று கணக்கு.
எதற்கு என்றதற்கு
அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.
அந்த நாளில் தெரியாமல் எதையாவது தொட்டிருந்தால்
அந்தத் தீட்டுக்கு.

அந்த மூன்று நாளும்
இடுப்பு கழன்றுபோகச் சுற்றினாலும்
வட்டக்கடையில் எண்ணிக்கை ஒன்றுதான்.
அங்கே கழித்துப் போடுவது பீடியை,
எங்களை இல்லை.

எண்ணுவது என் வேலை.
இருபத்தைந்துக்கு ஒரு கட்டு,
பீடி நூலால் இரண்டு சுற்று.
பதினாலு கட்டு, மேற்கொண்டு பதினைந்து குச்சி.

விடியலில் தாமிரபரணி முழங்காலுக்குக் கீழ்தான் ஓடியது.
உட்கார்ந்துதான் முங்கினாள்.
கட்டுக் கட்டாகப் பல்லில் தேய்த்து விட,
குச்சிகள் மண்டபத்தைத் தாண்டிப் போயின.
நேற்று யாரோ கரைத்த பிள்ளையாரின் எருக்க மாலை
கல்லில் சிக்கிக் கிடந்தது.

கரையில் சும்மா நிற்கப் பிடிக்காமல்
நானும் ஒன்றை எடுத்து
கடைவாயில் வைத்து மென்றேன்.
நல்ல துவர்ப்பு.

கடைசியில் எண்ணிப் பார்த்து விழித்தாள்.
"அக்கா, ஒரு நாள் குறையுது."
என் வாயைப் பார்த்தாள்.
நான் துப்பவில்லை.
தண்ணீரில் உட்கார்ந்தபடியே
வயிறு குலுங்கச் சிரித்தாள்,
இரண்டு நாள் முன்பு
ஏழு பேர் சிரித்ததைவிடச் சத்தமாக.

"ஒரு நாள் இருக்கட்டும்ளா, கிட" என்றேன்.

வேறு குச்சி ஒடிக்கக் கரை நிறையச் செடி இருந்தது.
அவள் கேட்கவில்லை.
ஈரச்சேலையோடு முன்னால் நடந்தாள்,
ஓரமெல்லாம் நாயுருவி முள் ஒட்டிக்கொண்டு வந்தது.
ராத்திரி நனைத்த இலை காய்ந்துவிடும் என்று
நான்தான் அவசரப்படுத்தினேன்.