நாலாம் முறை

ராகலையில் இரவு எட்டு மணிக்கு மேல்
ஈஸ்ட்டுக்கும் குளிரும்.
மாச்சட்டிக்கு என் ஸ்வெட்டரைப் போட்டு
இரண்டு கையையும் கழுத்தில் முடிந்து
அடுப்போரம் உட்கார்த்தி வைத்திருந்தேன்.
வேலை விட்டு வந்த சுகந்தினி
வாசலிலேயே நின்று "யாரது?" என்றாள்.

அவள் மரக்கறி நிலையத்தில் தரம் பிரிக்கிறவள்.
கீறல் விழுந்த பீற்றூட்,
கால் பின்னிய கரட்,
கொழும்புக்குப் போகத் தகுதியில்லாத எல்லாம்
அவள் பையில் எங்கள் வீட்டுக்கு வரும்.

நான் பாண் போடுகிறவன்.
பன்னிரண்டு வருடமாய்
நிஸ்தார் முதலாளியின் போரணையில்
இரவுக்கு நானூறு றாத்தல்.
மேலே பொன்னிறம், உள்ளே வெள்ளை.
வேறு நிறத்தில் பாண் கேட்டு
ராகலைக் கடைவீதிக்கு யாரும் வந்ததில்லை.
போயா லீவில்
எனக்குத்தான் கேட்கத் தோன்றியது.

முதல் முறை
பிசையும்போது கூறைச்சேலை,
வெந்து வந்தது
மழைக்குப் பிந்திய தோட்டத்து ரோடு.
இரண்டாம் முறை மகள் ஒரு கடி கடித்து
"மண் வாசம் அப்பா" என்று
மீதியை மரியாதையாகத் தட்டில் வைத்தாள்.
மூன்றாம் முறையைப் பற்றி
பிஸ்கட் தகரத்தின் அடியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாம் முறை,
கைக்கறை போக்கத் தேசிக்காய் பிழிந்தேன்.
கறை போகவில்லை,
விரல் இன்னும் சிவந்தது.
சொட்டு விழுந்த இடத்தில் மாவும்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு மீதித் தேசிக்காயை
முழுசாய் அதற்குள் பிழிந்துவிட்டேன்.

பச்சைக்கு வல்லாரை அரைத்தது.
மஞ்சளுக்குக் கரட்டும்
ஒரு நுள்ளு மஞ்சள் தூளும்.
"மண்ணிறத்துக்குத் தேயிலைச் சாயம் விடட்டா?"
சுகந்தினி நிமிரவில்லை.
"எங்கம்மா முப்பத்தொரு வருசம் சுமந்தது போதும்.
பாணுக்குள்ளயும் வேணாம்."
விடவில்லை.

மூன்று கயிறாய் நான் உருட்ட
அவள் பின்னினாள்,
பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட
காலைநேர வேகத்தில்.
ரிப்பன் தேடாத குறை.
மேலே தணல், கீழே தணல், நடுவில் தகரம்.
தணல் இந்த முறை பாதிதான்.
கரண்ட் ஒருதரம் போய் வந்தது.
யாரும் எழும்பவில்லை.

வெட்டினால்
சிவப்பு சிவப்பாகவே இருந்தது.
நடுவில் இல்லை. ஓரமாய் ஒதுங்கி,
பச்சை அதன் மேல் சாய்ந்து,
மஞ்சள் எங்கேயோ வழி தவறி.
மகள் துண்டை பல்புக்கு நேரே பிடித்து
ஒரு ஓட்டை வழியே என்னைப் பார்த்தாள்.
வாசம் பிடித்து
அடுத்த காம்பராக்காரர்கள் வந்தார்கள்.
அதற்கடுத்த காம்பராவும்.
கத்தி மெலிசாய், இன்னும் மெலிசாய்.
எனக்கு முனைதான் கிடைத்தது.
முனை மொறுமொறுப்பு.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது
சட்டியில் ஒட்டியிருந்த சிவப்பு மாவைச்
சுண்டங்காய் அளவு உருட்டி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
நானூறில் ஒன்றின் வயிற்றில் அமுக்கி
எது என்று எனக்கே தெரியாதபடி
அச்சுகளை மாற்றி மாற்றி அடுக்கினேன்.

விடிய ஐந்தரைக்கு
சூன் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டபடி
பனிக்குள் ஏறிப் போனது.
எந்தத் தோட்டத்தில், எந்தத் தட்டில்,
பருப்புக்கும் சம்பலுக்கும் இடையில்
அந்தப் புள்ளி திறந்ததோ.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.
இதுவரை
முறைப்பாடு எதுவும் வரவில்லை.