இடப்பக்கம்

காலை ஆறு ஐம்பதுக்கு
கேப்டன் ஒலிபெருக்கியில் தொண்டையைச் செருமினார்.
அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.
நல்ல சேதி சொல்பவர் செருமுவதில்லை.

காற்று நாற்பத்தெட்டு நாட்.
படகை இறக்கினால் திரும்ப ஏற்ற முடியாது.
ஸ்டான்லி இன்று இல்லை, மன்னிக்கவும்.
காலை உணவு பத்தரை வரை உண்டு.

என் சட்டையில் குத்திய பட்டையில் மிலாக்ரோஸ் என்றிருக்கும்.
எங்கள் மொழியில் அற்புதங்கள்.
ஐந்தாம் தளத்தில் என் மேசைக்கு முன்னால்
ஏழு மணிக்கே வரிசை
லிஃப்டைச் சுற்றி வளைந்து
பியானோ வரை போயிருந்தது.

சஸ்காட்சவனிலிருந்து வந்த ஹ்ரின்கிவ் போனை நீட்டினார்:
இதில் முப்பத்தொன்றுதான் காட்டுகிறது.
பார்த்தேன். அது நேற்றைய காற்று.
இன்னொருவர் குரலைத் தாழ்த்தி,
கரையில் நின்றால் சூதாட்டக்கூடத்தைப் பூட்ட வேண்டும் இல்லையா,
கணக்குப் போட்டுப் பாரம்மா, என்றார்.
எரிபொருள் மிச்சம் என்றது ஒரு தொப்பி.
பென்குயின்களுக்குக் காய்ச்சல், மறைக்கிறார்கள் என்றது அடுத்த தொப்பி.
லீட்ஸ் அக்ராய்ட் அம்மாளுக்கு மட்டும் சிரிப்பு.
மூன்றாம் தடவை வருகிறாள்,
மூன்றாம் தடவையும் இறங்கவில்லை.
அந்த ஊர் என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறது
என்று சொல்லிவிட்டு
ஜின் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள், ஏழே காலுக்கு.

எல்லோருக்கும் ஒரே தாள்.
துறைமுகக் கட்டணம் இருபத்தொரு டாலர் நாற்பது சென்ட்
அறைக் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படும்.
அந்த நாற்பது சென்ட்தான் ஆட்களைக் கொதிக்கவைக்கிறது.
முழுசாக இருபது என்றிருந்தால்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

வரிசையின் நடுவில் எர்மிந்தா வுகாசோவிச்.
பூந்தா அரேனாஸ்காரி. எழுபத்தொன்று. கையில் ஒரு துணிப்பை.
தாளை வாங்கினாள், படிக்காமல் மடித்தாள்.
என் மொழியிலேயே கேட்டாள்:
போகும்போது ஊர் எந்தப் பக்கம் தெரியும், மகளே?

பெண் பாஸ்காலா அங்கே மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்.
பார்த்து நாலு வருஷம்.
பதினாலு நாள் டிக்கெட் வாங்கியது
அந்த ஆறு மணி நேரத்துக்கு.
பையில் பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம்.
அந்த ஊர்க் கடையில் இந்த அளவு கிடைக்காதாம்.

ஜன்னலைப் பார்த்தேன். கரை இடது பக்கம் இருந்தது.
இடப்பக்கம் என்றேன்.
ஏழாம் தளம், படகுகளுக்குப் பின்னால் நில்லுங்கள், காற்று அடிக்காது.
சரியாகச் சொன்ன திருப்தியோடு
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

நங்கூரம் போட்ட கப்பல் காற்றுக்கு முகம் காட்டி நிற்கும்.
காற்று மேற்கிலிருந்து. வெளியே போகும் வழி கிழக்கில்.
எட்டு வருஷம் கடலில் சம்பளம் வாங்குகிறவளுக்கு
இது தெரிந்திருக்க வேண்டும்.
ஒன்பது மணிக்குக் கப்பல் தன்னைத் தானே திருப்பிக்கொண்டது.
வரிசையில் ஒருவரும் நிமிரவில்லை.
என் ஜன்னலிலிருந்து கரை நழுவி
வெறும் தண்ணீர் வந்தது.
எழுந்தேன்.
இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.
உட்கார்ந்தேன்.

மாலையில் வந்தாள், கன்னமெல்லாம் உப்பு பூத்து.
பத்து நிமிஷம் இணையம் வேண்டும் என்றாள்,
விலை கேட்டுத் தயங்கினாள்.
என் ஊழியர் அட்டையில் போட்டுக் கொடுத்தேன்.
பெண்ணின் செய்தி வந்து கிடந்தது:
கலங்கரை விளக்கம் வரை ஜீப்பில் வந்தேன், அம்மா.
கப்பல் எவ்வளவு கிட்டத்தில் போனது!
முன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன்.
ஒரு கை ஆடியது. நீதானே?

அந்தக் கை யாருடையதோ.
அக்ராய்ட் அம்மாளுடையதாக இருக்கலாம், ஜின்னோடு.

எர்மிந்தா என்னைப் பார்த்தாள். அதிக நேரம் இல்லை.
பிறகு ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டினாள்:
நான்தான். பார்த்தேன்.

ரப்பர் வளையம் என்னிடம் இருக்கிறது,
தொலைந்த பொருள் இழுப்பறையில், ஒரு ஒற்றைக் காதணிக்குப் பக்கத்தில்.
விலாசம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.
அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி மறுபடியும் அந்தப் பக்கம்.
காற்றைப் பற்றி
யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை.