இன்னம் அம்பதடி

எலச்சிபாளையத்துக் காட்டில்
விடிவதற்குள் ராடைத் தூக்கிவிட்டோம்.
எண்ணூற்று நாற்பது அடி.
வந்ததெல்லாம் வெள்ளைப் புழுதி.
"இன்னம் அம்பதடி போட்டுப் பாருங்கொ"
என்றார் சாமியாத்தா, முந்தானையால் மூக்கைப் பொத்தி.

எல்லோரும் சொல்வதுதான்.
ராய்ச்சூரில் கன்னடத்தில் சொன்னார்கள்,
அதற்கப்புறம் மேலே போகப் போக இந்தியில்.
ஓட்டினால் எனக்குத்தான் காசு.
ஆசைக்கும் அடிக்கணக்கு உண்டு.
"பேசுனது எண்ணூறுங்க" என்றேன்,
பெரிய யோக்கியன்போல.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை
இதே லாரி கேபினில்
முன்னூற்றேழில் போட்ட ஸ்டாப்லாஸை
முன்னூறுக்கு இறக்கினேன்,
பிறகு இருநூற்றுத் தொண்ணூற்று நாலுக்கு,
பிறகு எடுத்தே விட்டேன்.
பாதி விலையில் கிடைக்கிறதே என்று
இன்னும் நானூறு பங்கு.
மூன்று இருபதுக்குத் தரகுக் கம்பெனி
என்னைக் கேட்காமல் விற்று முடித்தது.
கேசிங் பைப்புக்கு வைத்திருந்த பணம்.
அன்று கோகிலவாணி போட்ட தோசையை
எண்ணிப் பார்த்துத்தான் தின்றேன்.

இப்போது டீசல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கு:
ஒரு தடவைக்குத் தொலைக்கலாம் ஆயிரம்.
வாங்குவது முன்னூற்றுப் பன்னிரண்டு, வெளியேறுவது முன்னூற்றேழு,
ஐந்து ரூபாய் இடைவெளி,
ஆக இருநூறு பங்கு.
இருநூற்றொன்று கிடையாது.
இரண்டு தடவை தோற்றால்
செல்போன் செங்கோட்டுவேலிடம் போய்விடும்.
டூல்ஸ் பெட்டியில், தேய்ந்த பிட்டுகளுக்கு அடியில்,
கிரீஸ் துணி சுற்றி.
கெஞ்சினாலும் தரக்கூடாது.
தராததற்குக் கூலி
ராத்திரி ரெண்டு பரோட்டா.

இன்று ஒன்பதே முக்காலுக்கே இரண்டாவதும் போயிற்று.
முன்னூற்றேழைத் தொட்டது, விற்றது.
தொட்ட கால் தரையில் நிற்கவில்லை:
முன்னூற்றுப் பத்து,
முன்னூற்றுப் பதினெட்டு,
முன்னூற்று முப்பத்தொன்று.
செங்கோட்டுவேல் கையை நீட்டியபடி நின்றான்.
"ஒரே நிமிஷம்டா" என்றேன்.
என் வாயில் வந்தது
அம்பதடி.

கொடுத்துவிட்டேன்.
நோட்டில் எழுதினேன்: தப்பில்லை. நஷ்டம் ஆயிரம்.
எழுதிய பிறகும் வயிறு எரிந்தது.
சரியாகச் செய்தால் எரியாது என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுவாரம்
சாமியாத்தா வேறு வண்டி வைத்து ஓட்டினாராம்,
அதே குழியில்.
மொளசி டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.
தண்ணீர் வந்ததா என்று
நான் கேட்கவில்லை.
டீக்குக் காசு கொடுத்துவிட்டு
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்,
காது மூடும்படி.