தேதி எழுதிய ஞாவல்

குளச்சல் ஐஸ் பிளான்டில் பதினொரு வருசம்.
உறைய வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஆனாலும் ஞாவப்பழத்திடம்
முதல் தடவை தோற்றுப்போனேன்:
கழுவிய ஈரத்தோடு கவரில் கட்டி வைக்க
மறுநாள் ஒரே கட்டி, கருநீலச் செங்கல்.
சுத்தியலால் உடைத்தேன்.
மெற்றில்டா போனில் சிரித்தாள்.
குவைத்தில் அவளுக்கு ராத்திரி டூட்டி,
வார்டு தூங்குவதால் சத்தமில்லாத சிரிப்பு.

போன வருசம் அப்படி விடவில்லை.
பொன்னுமுத்து சார் விளையில்
தார்ப்பாய் பிடித்துக் கிளையை உலுக்கினோம்.
அணில் கடித்தது, வெடித்தது, மண் ஒட்டியது
தனியே; அவை அன்றைக்கே தின்ன.
மற்றதை அலசி
டபுள் வேட்டியில் பரத்தி
ஃபேனுக்குக் கீழே காயவிட்டேன்.
வேட்டி இனி கல்யாணத்துக்கு ஆகாது.

அப்புறம் ஸ்டீல் தாம்பாளத்தில்
ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினேன்,
பரீட்சைக்கு உட்காரவைத்த பிள்ளைகள் மாதிரி.
ஒரு ராத்திரி தனித்தனியே இறுகட்டும்.
பிறகு ஒரே பையில் போட்டாலும் ஒட்டாது,
குலுக்கினால் கோலிக்குண்டுச் சத்தம்.
பையின் வாயில் ஸ்ட்ரா வைத்து
உள்ளிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தேன்.
கொஞ்ச நேரம் மூச்சில் ஞாவல் வாசம்.
மார்க்கரால் தேதி: மே 28.

நாரங்கா வேறு கணக்கு.
மே மாதம் விலை கேட்டால் கண் கட்டும்.
மழை பிடித்ததும் கருங்கல் சந்தையில்
கூறு கட்டித் தள்ளுவார்கள்.
அப்போது வாங்கி, மஞ்சள் தோலை மட்டும் துருவி,
சாறு பிழிந்து
ஐஸ் தட்டில் குழி குழியாய் ஊற்றினேன்.
ஆக, என் ஃப்ரீசரில்
வெயிலின் பழம் கீழே, மழையின் பழம் மேலே.
வெளியே மரத்தில்
ஒருநாளும் முகம் பார்க்காதவை.

ஐப்பசியில் காற்றடித்து
ரெண்டு நாள் கரண்ட் இல்லை.
எல்லாவற்றையும் மீன்பெட்டிக்குள் வைத்து
மழைக்கோட்டை எனக்குப் போடாமல் பெட்டிக்குப் போர்த்தி
பைக்கில் குளச்சலுக்கு விட்டேன்.
பிளான்டில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.
ஐஸ்கட்டிகளுக்கு நடுவே செருகினேன்.
"உள்ள என்னடே?" என்றான் கிறிஸ்துராஜ்.
"டிசம்பர்" என்றேன்.

அங்கே ஒரு தொட்டி நிறைய உப்புவெள்ளம்.
பூஜ்யத்துக்குக் கீழே போய் அசைந்துகொண்டிருக்கும்.
அதில் இறக்கிய கேன்களில்
நல்லவெள்ளம் எல்லாம் கல்லாகும்,
உப்புவெள்ளம் மட்டும் உறையாது.
ராத்திரி ஷிப்டில்
அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

டிசம்பரில் லீவு கிடையாது என்றார்கள்,
ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை.
நட்சத்திரம் கட்டினேன், கேக் வாங்கினேன்,
ஃப்ரீசரைத் திறக்கவில்லை.
மீன் வைக்க இடமில்லாமல்
சாளையை அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குத் தின்றேன்.

வந்தாள், இந்த மே இருபத்தொன்றில்.
திருவனந்தபுரத்திலிருந்து வருகிற வழியில்
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
ஞாவப்பழம் கூறு கூறாக, அப்போது பறித்தது,
வெயிலில் மினுங்கிக்கொண்டு.
காரை நிறுத்தச் சொல்லிவிடுவாளோ என்று
பயமாக இருந்தது.
பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் பெட்டியைத் திறக்குமுன்
ஃப்ரீசரைத் திறந்தாள்.
பையில் படிந்த பனியை விரலால் துடைத்து
எழுத்தை வாசித்தாள்.
"வருசம் ஆக இன்னும் ஏழு நாள் இருக்கு."

சார் விளையில் மரம் பாட்டுக்கு
உதிர்த்துக்கொண்டே இருந்தது.
புதுசு பறித்து வரட்டுமா என்றேன்.
"அது அங்க நிக்கட்டும்,
மொதல்ல போன வருசத்தத் தின்னு தீப்போம்."

முழுசாக இளகவிடாதே, தோல் தொய்ந்து குழைந்துவிடும்,
இப்போதே தின்றால் பல் கூசும் என்று
தொழில் தெரிந்தவனாக விளக்கினேன்.
அவள் ஒன்றை வாயில் போட்டு
கண்ணை இறுக்கிக்கொண்டு
உப்பு எங்கே என்றாள்.