பேரு

எந்த வீட்டுப் பத்திரத்திலும்
பதினோரு மாதம்தான் எங்களுக்கு ஆயுள்.
எபனேசரோ
மூன்றாம் வருடம் காய்ப்பதை மட்டுமே
வாங்கி வருவான்.

லிங்கராஜபுரம், இரண்டாம் மாடிக்கு மேல்
தகரம் போட்ட ஓர் அறை.
மிச்சமெல்லாம் மொட்டைமாடி.
பெயின்ட் டப்பாவில் சுண்டை.
செத்துப்போன வாஷிங் மெஷின் தொட்டியில் களா,
ஓட்டை ஏற்கெனவே இருக்கிறதே என்றான்.
கோவைக்கொடி யாரையும் கேட்காமல்
டேங்க் குழாயைப் பிடித்து மேலே போயிற்று.
பிரண்டையை நாங்கள் நடவே இல்லை.
துவையலுக்கு நறுக்கும்போது தவறி விழுந்த ஒரு கணு.

கரண்ட் செடி மட்டும் தபாலில் வந்தது.
இமாச்சலத்துக் குச்சி, விரல் நீளம்,
ஈரப் பாசி சுற்றி.
படத்தில் சிவப்புச் சிவப்பாய்க் கொத்து.
கீழ்வீட்டு வயலட் அக்கா
படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்:
"கரண்ட் வந்துச்சா?"
மின்சாரத்தைக் கேட்கிறாளா, எங்கள் தொட்டியையா,
கடைசிவரை பிடிபடவில்லை.
இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லிவந்தோம்.

அதற்குக் குளிர் பற்றாதாம்.
ஆயிரம் மணி நேரம் நடுங்கினால்தான் தூங்கும்,
தூங்கி எழுந்தால்தான் பூக்கும்.
பெங்களூர்க் குளிர்
ஒரு ஸ்வெட்டர், இரண்டு வாரம்.
ராத்திரியில் ஃப்ரீசரைத் திறந்து
ஐஸ் கட்டிகளை அதன் காலடியில் அடுக்குவான்.
ஒருநாள் வஞ்சிரம் வைத்த டப்பாவின் ஐஸ்.
விடிந்தபோது நான்கு பூனைகள்
தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன,
ஜெபக்கூட்டம் போல.

லேபில் நாள் முழுக்க
ஊரார் கையில் ஊசி குத்துகிறவள் நான்.
களாமுள் குத்தினால் மட்டும்
தெருவே கேட்கக் கத்துவேன்.

மூன்றாம் வருடம் அது பூத்தது.
வெள்ளை. மல்லி என்று நினைத்து முகர்ந்தால்
மல்லி இல்லை.
மே மாதம் காய்,
ஒரு பக்கம் மட்டும் வெட்கப்பட்டாற்போல் சிவப்பு.

வயலட் அக்கா புகார் சொல்லவில்லை.
வாடகை வாங்க வந்த மல்லேஷப்பாதான்
அவள் வீட்டில் அண்ணாந்து பார்த்தார்.
தொட்டித் துளை வழியே இறங்கி
தட்டோட்டு விரிசலில் நுழைந்த வேர்
அவள் கட்டிலுக்கு நேர் மேலே
ஈரமாக ஒரு கையை விரித்திருந்தது.
ஐந்து விரல். எண்ணினேன்.

எங்களிடம் அரிவாள் இல்லை.
கறி வெட்டும் கத்தியால் அறுத்தான்.
பால் வடிந்தது.
கை தானாகப் பஞ்சைத் தேடியது,
"இங்க அழுத்திப் பிடிங்க" என்று
சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

அட்வான்ஸில் பிடித்ததைச் சீட்டில் எழுதி
கன்னடத்தில் வாசித்துக் காட்டினார்.
பெயின்ட், பன்னிரண்டாயிரம்.
குழாய், எழுநூறு.
பேரு, இரண்டாயிரத்து ஐநூறு.
எந்தப் பேருக்கு என்றேன்.
அவர் தரையைக் காட்டினார்.
இவர்கள் மொழியில் வேருக்குப் பேரு.

டெம்போவில் எல்லாம் ஏறின.
கோவைக்கொடியை மட்டும் குழாயிலிருந்து
பிரிக்க முடியவில்லை.
மடியில் களாக்காய் ஊறுகாய் பாட்டில்,
காலிடுக்கில் இமாச்சலத்துக் குச்சி.

ஹொரமாவில் முதல் ராத்திரி
மெழுகுவர்த்தி எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை.
இருட்டில் தடவி
பாட்டில் மூடியைத் திறந்தோம்.
வயலட் அக்கா போன் செய்தாள்:
"பெயின்டர் வெள்ளையடிச்சிட்டுப் போனான்.
அந்தக் கை திரும்பவும் தெரியுது.
இருக்கட்டும்னு விட்டுட்டேன்.
அங்க கரண்ட் வந்துச்சா?"

வாயில் களாக்காய்.
ம்ஹும் என்றேன்.