அரைப்பேர்

ஹட்டனில், டயர் கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு இரண்டரை மணி.
ரப்பர் வாசனை பலகைத் தரை வழியாக ஏறி
எங்கள் நிலவறைக்குள் வருகிறது.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ரிஸ்னி.
உலகத்தை வைத்திருப்பவன் அவன்தான்.
கீழே யாராவது ஹார்ன் அடித்தால்
உலகத்தைப் பாதியில் விட்டுவிட்டு
ஜாக்கோடு இறங்கிப் போவான்.

கோகுலராஜ் வீரன். அவனுக்கு யோசனையே இல்லை,
தாளை வாங்கியதும் எழுதிவிட்டான்,
ஓரத்தில் ஒரு கோடரியும் வரைந்துவிட்டான்.
தனுக மந்திரவாதி. விதிப்புத்தகத்தைப்
பரீட்சைக்குப்போல் மஞ்சள் கோடு போட்டுப் படித்தவன்.
ஷியாமளி பூட்டுடைப்பவள்,
கிழமை நாட்களில் வங்கியில் அடகு நகைக்குச் சீட்டெழுதுகிறாள்.
நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்தது ஒன்று.
புத்தகத்து ஆங்கிலத்தை நான்தான் பாணன் என்று மாற்றினேன்.
தனுகவுக்காக வந்திபட்டயா என்றேன்.
ராஜாவுக்கு ஆமாம் போடுகிறவனா, என்று சிரித்தான்.

கொஞ்சம் வாள். கொஞ்சம் மந்திரம்.
காயத்துக்கு ஒரு பாட்டு.
பூட்டும் திறக்கலாம், அவசரம் இல்லாவிட்டால்.
“எல்லாத்திலயும் கொஞ்சம், எதிலயும் முழுசா இல்ல”
கோகுலராஜ், கோடரிக்கு நிழல் போட்டபடி.

எனக்கு இந்த உத்தியோகம் தெரியும்.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கொமியுனிகேஷனில்
போட்டோகொப்பி நான், லெமினேட் நான், ரீலோட் நான்.
சிங்களத்தில் வந்த கடிதத்துக்குத் தமிழ் நான்,
குவைத்திலிருந்து வராத சம்பளத்துக்கு ஆங்கிலம் நான்.
தோளை இறக்குங்க, சிரிக்காதீங்க என்று
அடையாள அட்டைக்குப் படமெடுப்பதும் நான்.
சம்பளக் கொப்பியில் மட்டும் முதலாளி
ஹெல்பர் என்று எழுதுவார்.

மடித்து வைத்திருந்த பக்கத்தை உரக்க வாசித்தேன்,
வாசிக்கும்போதே தமிழாக்கி:
கற்காத எந்தக் காரியத்திலும்
பாணனுக்குப் பாதி மதிப்பு உண்டு.
பின்னம் வந்தால் விட்டுவிடவும்.

பாதி என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை மழை.
பதினொரு கிலோவோடு தராசில் நின்றிருக்கிறாள் அம்மா.
செக்ரோலில் அரைப்பேர்.
ஒரு நாள் கூலியைப் பேர் என்றுதான் சொல்வோம் தோட்டத்தில்.
பேர் விழுந்துச்சா, விழல்லயா.
காலை முதல் மாலை வரை நனைந்த முழு ஆளைக்
கணக்குப்பிள்ளையின் பேனா
பாதியாக எழுதிக்கொள்ளும்.
பின்னத்தை விட்டதும் அவர்தான்.

“தெரியாத வேலைக்கே பாதி குடுக்குறாங்களா?”
ஷியாமளி தலையை நிமிர்த்தினாள்.
“எந்தத் தோட்டம்டீ அது?”

அப்போதுதான் எழுதினேன். வகுப்பு: பாணன்.
மேலே ஒரு கட்டம் காலியாக இருந்தது. பெயர்.
எத்தனை பேருக்கு இந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன்,
கீழே பிரிவு, லயன் இலக்கம்,
நடுங்கும் பெருவிரலுக்கு மையும் தடவி.

கை முழுக்கக் கிறீஸோடு ரிஸ்னி மேலே வந்தான்.
“பேர் என்ன?”
“அரைப்பேர்.”
கோகுலராஜ் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை,
அவனும் லயத்துக்காரன்தான்.
தனுக அர்த்தம் கேட்டான்.
சிங்களத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ரிஸ்னி தடுப்புக்குப் பின்னால் குனிந்தான்.
பாலம் உடைந்திருக்கிறது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு காவலாளி,
உங்களில் ஒருவருக்கும் தெரியாத பாஷையில்
ஏதோ கேட்கிறான்.

வீரன் என்னைப் பார்த்தான். மந்திரவாதியும்.
ஷியாமளி அந்த இருபது முகக் கட்டையை,
எங்களிடம் இருக்கும் ஒன்றே ஒன்றை,
பதினேழின் மூலை தேய்ந்ததை,
என் பக்கமாக உருட்டிவிட்டாள்.

தெருவில் டிக்கோயா பஸ் புறப்படும் சத்தம்.
அடுத்தது ஐந்தரைக்கு.
கட்டையை எடுத்து உள்ளங்கைக்குள் மூடினேன்,
ரப்பர் வாசனை, கிறீஸ் வாசனை,
என்ன வரும் என்று தெரியாது,
பாதி கூட்டிக்கொள்ளலாம்.