இரவு 2.40, வண்டி எண் இல்லை

மூன்று வாரமாக என் இடது கண் மூடவில்லை.
முகவாதம் என்று திருத்தணி ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதினார்கள்.
பலூன் ஊது, "ஈ" சொல்லு,
படுக்கும்போது இமையை இழுத்துப்
பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்.
நாத்தனார் அமுலு மட்டும்
பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே
எந்தப் பக்கம் பல்லி விழுந்தது என்றாள்.
விழவில்லை என்றேன்.
தூக்கத்தில் விழுந்திருக்கும்,
காஞ்சிபுரம் போய்ப் பொன்பல்லியைத் தொட்டுவிட்டு வா,
பஸ் காசு நான் தருகிறேன்.

நகரி ரோட்டில் எடைமேடை.
இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கம்பம்,
நூறடி தள்ளி ஆந்திரத்துக் கம்பம்.
இங்கே கரண்ட் போனால் அங்கே எரியும்.
இரவு ஷிப்டு எனக்கு.
கண்ணாடிக் கூண்டு, கம்ப்யூட்டர், ரசீது மெஷின்,
அரைமணிக்கு ஒரு சொட்டு மருந்து.
டியூப்லைட்டைச் சுற்றி நாலு பல்லி.
அவற்றுக்கும் மூடுகிற இமை கிடையாது,
நாக்கை நீட்டி விழியைத் துடைத்துக்கொள்கின்றன.
யாரும் இல்லாத ஒரு ராத்திரி
நானும் முயன்று பார்த்தேன்.
நாக்கு மூக்கைக்கூடத் தொடவில்லை.

ரெண்டரைக்கு ஸ்ரீகாகுளத்துக் கல் வந்தது,
ஓபுலேசு வண்டி.
நாற்பத்திரண்டு டன் முந்நூற்று அறுபது.
ரசீதை வாங்கி மடித்து,
வண்டியை மேடையிலிருந்து இறக்கி நிறுத்தினான்.
மேடையில் ஒன்று மிச்சம் இருந்தது.

ஒரு சாண் இருக்கும். காபிக்கொட்டை நிறம்,
குறுக்கே மஞ்சள் பட்டை,
பனங்கிழங்கு மாதிரித் தடித்த வால்.
பல்லி என்று சொல்ல வாய் வந்தது,
ஆனால் வயிறு தரையில் படவில்லை;
பூனைபோல நாலு காலையும் ஊன்றி
எங்களைப் பார்த்தபடி நின்றது.

"ஓரி நாயனோ" என்று குதித்தான் ஓபுலேசு.
விஷம் அம்மா, மூச்சுப் பட்டாலே ஆள் காலி.
ஜாக்கிக் கம்பியை எடுத்தான்.
விரலைப் பாரு என்றேன்.
விரலில் ஒட்டுகிற மெத்தை இல்லை, நகம்தான்.
சுவர் ஏறாது இது.
சுவர் ஏறாதது யார் தலையில் விழும்?
வலத் தோளா, இடத் தோளா,
ராஜபயமா, தனலாபமா,
அமுலுவின் பஞ்சாங்கத்தில்
இதற்கு ஒரு வரி கிடையாது.

அப்போது அது இமைத்தது.
ஹெட்லைட் கூசியிருக்கும்.
வெளுத்த கரை போட்ட கீழிமை
மெதுவாக எழும்பி
மேலிமையைத் தொட்டது,
கொஞ்சம் இருந்தது,
இறங்கியது.
இரண்டு கண்ணும். சேர்ந்தாற்போல.

தேவர்களுக்குக் கண் இமைக்காது,
கால் தரையில் பாவாது என்பார்கள்.
அப்படியென்றால் டியூப்லைட்டில் இருக்கும் நாலும் தேவர்கள்.
நான் பாதி; வலது பக்கம் மட்டும் மனுஷி.
இதுவோ முழுக்கத் தரை.

பழக்கம், திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும்
இந்த மேடைக்குத் தெரியாது.

கம்பி இறங்கியது.
திரை இருபது என்று எகிறி
மறுபடி பூஜ்யம் ஆனது.
இரும்பில் பட்டை போட்ட வால் மட்டும் துள்ளியது,
இங்கும் அங்கும், தனியாக,
உடம்பைவிட அதிக உயிரோடு.
உடம்பு ஓடவில்லை.
நடந்தது. மேடையின் சரிவில் இறங்கி,
கொட்டிக் கிடந்த ஜல்லியில் ஏறி,
ஆந்திரத்துக் கம்பத்தின் வெளிச்சத்தைச் சுற்றிக்கொண்டு
இருட்டான பக்கமாக.

ஓபுலேசு கம்பியைக் கீழே வைத்தான்.
வால் அடங்கும்வரை குனிந்து பார்த்தபடி இருந்தான்.
"மள்ளி வஸ்துந்தா அம்மா?"
திரும்ப முளைக்குமா என்கிறான்.
மூன்று மாசம் என்றேன்.
எனக்கு டாக்டர் சொன்ன கணக்கு அது,
வேறு கணக்கு என்னிடம் இல்லை.

அவன் போன பிறகு ரிஜிஸ்டரில் எழுதினேன்:
இரவு 2.40. வண்டி எண் இல்லை. எடை 0.
ஓனர் கேட்டால் மெஷின் கோளாறு என்று சொல்லலாம்.
மருந்து விட்டுக்கொண்டேன்.
இத்தனை நாளும் மேலிமையைத்தான்
கீழே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து வைத்துக்கொண்டு
இன்று முதல் தடவையாகக்
கீழிமையில் விரல் வைத்து
மேலே தள்ளிப் பார்த்தேன்.